முள்ளுக்கு ஓர் உபயதாரர்

கோலா சிலாங்கூர் இந்திய மலையேறிகள் கழகத்தில் பதவி இல்லாத ஆள் கிளாடிஸ் ஒருத்திதான். தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் என்று காலையில் புக்கிட் மலாவத்தியில் ஏறி இறங்கும் எல்லாருக்கும் ஏதோ ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. "கைதட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல சிஸ்டர்," என்று தலைவர் உமாபதி அவளை மட்டும் சாதாரண உறுப்பினராகவே வைத்திருந்தார்.

கிளாடிஸுக்கு அதில் வருத்தமில்லை. அவள் காப்புறுதி முகவர். ஊரில் அவளைக் கண்டால் எதிர்க்கடைக்குள் நுழைந்து வேண்டாத சாமானை விலை கேட்பவர்கள் உண்டு. மலையில் அந்த வசதி கிடையாது. மேல்நோக்கி ஓட வேண்டும். பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பவரிடம், "இதயத்துக்கு ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று அவள் அன்போடு விசாரிப்பாள். அந்த மேட்டில் அவள் முடித்த பாலிசிகளே அவளுடைய காரின் பாதித் தவணையைக் கட்டின.

புக்கிட் மலாவத்தியை மலை என்பது நம் மக்களின் பெரிய மனசு. ஒரு கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கடலை வாங்கிக்கொண்டு நம் கையையே முறைத்துப் பார்க்கும் குரங்குகள், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் குட்டி வண்டி. அந்த வண்டியில் கைக்குழந்தைகள் ஏறிப்போகும் பாதையில்தான் உமாபதி இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு நடப்பார். மணிக்கட்டில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று காட்டும் கடிகாரம். அது காட்டும் எண்ணை மட்டும் அவர் யாருக்கும் காட்டமாட்டார்.

இப்படிப்பட்ட கழகம்தான் போன வருடம் நேபாளத்துக்குப் போயிற்று.

அங்கே கடக்க வேண்டியது ஒரு கணவாய். இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த இடம்; தாழ்ந்தது என்றாலும் மேகத்துக்கு மேலேதான். கணவாய் என்றால் கேட்பவருக்குக் கௌரவமாக இருக்காது என்று கழகத்தின் அறிக்கைகள் எல்லாவற்றிலும் உமாபதி அதைச் 'சிகரம்' ஆக்கிவிட்டார். சிகரத்தை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே பாதை முழுக்கப் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடியாகக் கிடந்தது. துணைத் தலைவர் ஒரு முறை விழுந்தார். ஆலோசகர் இரண்டு முறை விழுந்தார். உமாபதி விழவில்லை, அவர் முன்யோசனையோடு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே கீழே இறங்கியும் வந்தார்.

அவர்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில் ஒரு கொரியக் கிழவனும் கிழவியும் பாறையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ரப்பர் வளையத்தில் முள் சங்கிலி கோத்த ஏதோ ஒன்றை எடுத்துச் செருப்பு மாட்டுவதுபோலக் காலணிக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டார்கள். மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கரகரவென்று நடந்து, கணவாய்க்கு அப்புறம் மறைந்துபோனார்கள். கிளாடிஸ் அதை நின்று பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் பாராட்டு விழா. 'இமயச் சிகரம் தொட்ட இரும்புக் கால்கள்' என்று மண்டபத்தின் அகலத்துக்குப் பதாகை. ஆளுக்கொரு கேடயம். கிளாடிஸின் கணவர் பெர்னாட் கேடயத்தை வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

"நாங்க ஏறல பெர்னாட். திரும்பி வந்துட்டோம்," என்றாள் கிளாடிஸ்.

"குடுத்தத மாட்டாம என்னா செய்றது? ஆணி வேற அடிச்சிட்டேன்."

அவளுடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். "இமயமலை உச்சிக்கே போய்ட்டியாமே கிளாடிஸ்!" என்பார்கள். "இல்ல லா, வழுக்குச்சு, வந்துட்டோம்," என்று அவள் உள்ளதைச் சொல்வாள். உடனே அவர்கள் கண்கள் பனிக்கும். "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!" என்பார்கள். மறுத்துச் சொல்லச் சொல்ல அவள் புகழ் வளர்ந்தது. பங்குக் குரு ஒருநாள் பிரசங்கத்தில் அவளைத் தாழ்ச்சிக்கு உதாரணமாகவே காட்டிவிட்டார். ஒரு வருடம் முழுக்க உண்மையைச் சொல்லிப் பொய்யான பேர் வாங்கிய பெண் அந்த மாவட்டத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

ஆகவே இந்த வருடம் மறுபடி அதே கணவாய்க்குப் போவதென்று கழகம் தீர்மானித்தபோது, மற்றவர்களுக்கு அது இரண்டாவது சாதனை. கிளாடிஸுக்கு அது முதல் தடவை. எப்படியாவது அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பாதி வழியில் உட்கார்ந்து இறங்கி வந்து இன்னொரு கேடயம் வாங்கினால், அதை மாட்டச் சுவரில் இடமிருந்தாலும் அவள் மனதில் இடமில்லை.

பனிப் பாதுகாப்புச் சாமான்களை முடிவு செய்யும் கூட்டம், ரொட்டி சானாய்க் கடையின் மாடியில் கூடியது. கழகத்தின் புரவலர் நல்லசாமியும் வந்திருந்தார். அசாம் ஜாவாவில் லோரி வைத்திருப்பவர். வடக்கே செகிஞ்சான் பக்கம் உள்ள நெல் ஆலைகளிலிருந்து உமி ஏற்றி ஏற்றியே வீடு கட்டியவர். எதையும் உபயமாகக் கொடுக்க அவருக்கு ஆசை. கொடுத்ததில் பேர் தெரிய வேண்டும் என்பதில் அதைவிட ஆசை. மாரியம்மன் கோயிலில் அவர் உபயமாகப் போட்ட விளக்குகளில் 'நல்லசாமி குடும்பத்தார்' என்ற எழுத்து எவ்வளவு பெரிதென்றால், விளக்கு எரிகிறதா என்று பார்க்க அர்ச்சகர் இன்னொரு விளக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"போன தடவ இயற்கைக்கு மரியாத குடுத்துத் திரும்புனோம்," என்று உமாபதி தொடங்கினார். "இந்தத் தடவ இயற்கை நமக்கு மரியாத குடுக்கணும். அதுக்குத் தகுந்த ஆயுதம் வேணும்."

ஆயுதம் மேசைக்கு வந்தது. பளபளவென்று ஒரு பனிக்கோடரி. மலைச் சரிவில் வழுக்கினால் குத்தி நிறுத்திக்கொள்ளும் சாமான். உமாபதி அதைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு கோணம் காட்டினார்.

"ஆளுக்கு ஒண்ணு. காம்புல புரவலர் பேரு. படத்துல எப்படி இருக்கும் பாருங்க!"

"இத வச்சு என்னா செய்யணும் தலைவரே?" என்று செயலாளர் துளசி கேட்டாள். அவள் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. புரியாததை வாய்விட்டுக் கேட்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

"அது அங்க போனா தானா தெரியும்."

அடுத்தது, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து கவனமாக எடுக்கப்பட்டது. கைத்தொலைபேசியைவிடக் கொஞ்சம் தடியான கருவி, மார்பில் கட்டிக்கொள்ள வார். பனிச்சரிவு வந்து ஆளை மூடிவிட்டால், புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று உமாபதி விளக்கினார்.

"வெல அதிகம். அதனால ஒண்ணு போதும்னு முடிவு பண்ணியிருக்கேன். தலைவர் கட்டிக்குவார்."

"நாங்க பொதஞ்சா?" என்றாள் துளசி.

"நீங்க பொதஞ்சா என்னாம்மா, அதான் தலைவர் நான் இருக்கேன்ல?"

இந்தப் பதிலில் ஏதோ குறைகிறது என்று எல்லாருக்கும் பட்டது. ஆனால் எல்லாரும் பதவியில் இருந்ததால் யாரும் சொல்லவில்லை. கிளாடிஸ்தான் கையைத் தூக்கினாள்.

"தலைவரே, போன வருஷம் நாம எதுனால திரும்புனோம்?"

"அதான் சொன்னேனே சிஸ்டர். இயற்கைக்கு..."

"வழுக்குச்சு தலைவரே. நீங்க உக்காந்தே எறங்குனீங்க. கால்சட்ட கூட..."

பொருளாளர் தேத்தண்ணீரை மூக்கால் குடித்துவிட்டு இருமினார்.

கிளாடிஸ் தன் பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி முள் சங்கிலியை எடுத்து மேசையில் போட்டாள். கொரியக் கிழவி மாட்டிக்கொண்ட அதே மாதிரி. ஊருக்கு வந்ததும் தேடித் தேடி வரவழைத்தது. பனிக்கோடரிக்குப் பக்கத்தில் அது ஏதோ ஏழைச் சொந்தக்காரன்போலக் கிடந்தது.

"நாய்ச் சங்கிலி மாதிரில்ல இருக்கு," என்றார் ஆலோசகர்.

"இது இருந்திருந்தா போன வருஷமே அந்தப் பக்கம் போயிருக்கலாம். ஆளுக்கு ஒரு ஜோடி. மொதல்ல இத வாங்குவோம்."

நல்லசாமி அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். வளையத்தை இழுத்துப் பார்த்தார். முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார். சாமான் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் முகம் வாடிப்போயிற்று.

"எல்லாம் சரிதாங்க்கா. இதுல பேரு எங்க எழுதறது?"

மொத்தச் செயற்குழுவும் எட்டிப் பார்த்துப் பேர் எழுத இடம் தேடியது. முள்ளில் இடமில்லை. சங்கிலியில் இடமில்லை. ரப்பர் வளையத்தில் எழுதினாலும் இழுத்தால் பேர் கோணிவிடும். தவிரவும் அது காலுக்கு அடியில் போவது. புரவலரின் பேரை மிதித்துக்கொண்டு இமயம் ஏறுவதா என்று உதவித் தலைவர் பதறினார். அதோடு முள்ளின் கதை முடிந்தது.

கிளாடிஸ் வாதாடவில்லை. வேண்டாம் என்பவனிடம் வேண்டும் என்று மல்லுக்கட்டினால் பாலிசி நகராது என்பது அவள் தொழிலில் முதல் பாடம்.

"சரிங்க தலைவரே. நீங்க சொன்னதே வாங்குவோம். ஆனா போறதுக்கு முன்னால ஒரு ஒத்திக பாத்துரலாமே? நல்லசாமி அண்ணன் கெடங்குல உமி மல மாதிரி குமிஞ்சி கெடக்கு. பனிச்சரிவு வந்தா எப்படின்னு அதுல செஞ்சி பாப்போம். வீடியோவும் எடுக்கலாம்."

வீடியோ என்றதும் உமாபதி நிமிர்ந்தார். தன் உமி என்றதும் நல்லசாமி நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கிளாடிஸ் அசாம் ஜாவா போய்ச் சேர்ந்தபோது கழகம் முழுக்கக் கிடங்கில் கூடியிருந்தது. லோரி உயரத்துக்கு உமிக்குவியல் வெயிலில் தங்கமாக மின்னியது. அதன் அடிவாரத்தில் உமாபதி நின்றிருந்தார். வாத்து இறகு அடைத்த பனிக் கோட்டு, கழுத்து வரை இழுத்துப் பூட்டிய ஜிப்பு, கம்பளித் தொப்பி, கையில் கோடரி. வாசலில் தென்னங்கீற்றுகூட ஆடாத வெயில் அது. அவர் முகம் அவித்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது.

"கோட்ட கழட்டுங்க தலைவரே, மயக்கம் வந்துரும்," என்றாள் துளசி.

"ஒத்திகன்னா ஒத்திகயா இருக்கணும்."

தானே புதைந்து காட்டுவதாக அவர் சொன்னார். கிளாடிஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். உமி மூக்குக்குள் போனால் விளையாட்டில்லை. ஆளுக்குப் பதில் பையைப் புதைப்பது என்று முடிவாயிற்று. உமாபதி தன் சிவப்புப் பைக்குள் கருவியை வைத்து, விசையைத் தட்டி, பச்சை விளக்கு மினுங்குவதை எல்லாருக்கும் காட்டிவிட்டுப் பையை அடிவாரத்தில் வைத்தார். நல்லசாமி கைகாட்ட, அவருடைய ஆள் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுபோய்க் குவியலின் மறுபக்கத்தை ஒரு தள்ளு தள்ளினான்.

உமிமலை ஒரு கணம் யோசித்தது. பிறகு உச்சியிலிருந்து சரசரவென்று இறங்கி வந்தது. தூசி மேகம் எழுந்தது. அது அடங்கியபோது பை இருந்த இடமும் இல்லை, அடிவாரமும் இல்லை. உமாபதியின் முழங்காலும் இல்லை. அவரை இரண்டு பேர் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினார்கள்.

"தேடுங்க!" என்று அவர் கோடரியை உயர்த்திக் கட்டளையிட்டார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

"எத வச்சு தேடறது?" என்றாள் துளசி.

"அதான் கருவி இருக்கே."

"எங்க இருக்கு?"

"பைக்குள்ள."

"பை எங்க இருக்கு?"

உமாபதி வாயைத் திறந்தார். உமி ஒன்று உள்ளே போயிற்று. துப்பினார். "அது சத்தம் போடும்," என்றார். கழகமே மூச்சை அடக்கிக் காது கொடுத்தது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. உமிமலை ஒன்றும் சொல்லவில்லை.

"அது போடறது நம்ம காதுக்குக் கேக்காது தலைவரே," என்றாள் கிளாடிஸ். "இன்னொரு கருவி இருந்தா அதுக்குக் கேக்கும். பொதஞ்சவன் கட்டியிருக்கறது கூப்புடும், வெளிய நிக்கறவன் வச்சிருக்கறது கேட்டுக் காட்டும். எல்லார்ட்டயும் இருந்தாத்தான் அதுக்கு வேல. ஒருத்தர்ட்ட மட்டும் இருந்தா..."

"ரேடியோ ஸ்டேசன் இருக்கு, கேக்க ஒரு ரேடியோ இல்ல!" என்று நல்லசாமி தொடையைத் தட்டினார்.

பிறகு ஆரம்பித்தது தோண்டல். பனிக்கோடரியால் உமியை வாரினால் வாரின இடமே தெரியாமல் சரிந்து மூடிக்கொண்டது. சப்பாத்துக்குள் உமி, சட்டைக்குள் உமி, பொருளாளரின் காதுக்குள் உமி. வாத்து இறகுக் கோட்டில் ஒட்டிய உமியோடு உமாபதி பொரித்து எடுப்பதற்கு முன் மசாலா பிரட்டிய கோழியைப் போலிருந்தார். பைக்குள்தான் அவருடைய கார்ச் சாவியும் கைத்தொலைபேசியும் இருந்தன என்பது அப்போதுதான் தெரியவந்தது. வீடியோ எடுத்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவை வானத்துக்குத் திருப்பிவிட்டார்.

கடைசியில் மண்வாரி இயந்திரம்தான் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துப் பரப்பியது. எல்லாரும் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு வெகு தூரம் தள்ளிப் பை கிடைத்தது. உள்ளே கருவி பச்சை விளக்கை மினுக்கி, விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நல்லசாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"இவ்வளவு நேரம் உள்ள ஒரு ஆளு இருந்திருந்தா?"

உமாபதி கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல ஒட்டியிருந்தது. கழற்றியதும் அவர் கோடரியை மறுபடி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டதைக் கிளாடிஸ் பார்த்தாள். போன வருடம் கண்ணாடிப் பனியில் உட்கார்ந்தபோதும் கைத்தடிகளை அப்படித்தான் அணைத்திருந்தார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே பயம். அதனால்தான் இத்தனை ஆயுதம். அவளுக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. ஆனால் இரக்கப்பட்டுக்கொண்டே பாலிசியை முடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

"நீங்க சொல்லுங்கக்கா. என்னாதான் கொண்டு போறது?" என்றார் நல்லசாமி.

"பனிச்சரிவுக்கு உள்ள சாமான்னா கருவி, குத்திப் பாக்கற கம்பி, மண்வெட்டி மூணும் ஆளுக்கு ஒண்ணா வேணும். அத வச்சுப் பழகியும் இருக்கணும். நமக்கு ரெண்டும் இல்ல. கோடரியும் அப்படித்தான், புடிக்கத் தெரியாம விழுந்தா அதுவே வயித்துல குத்தும். நாம போறது சனங்க நடக்கற பாத, நல்ல பருவம், கூடவே வழிகாட்டி. புதுசா பனி கொட்டுனா ஒக்காந்து காத்திருப்போம். வழிகாட்டி வேணாம்னா வேணாம். அதுக்கு மேல எடுத்துப் பேசற பதவி யாருக்கும் கெடயாது."

கடைசி வாக்கியத்தை அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அப்போ வழுக்கலுக்கு முள்ளு. கண்ணு கூசிப் போகாம இருக்கக் கறுப்புக் கண்ணாடி. கையுற ரெண்டு ஜோடி, ஒண்ணு நனஞ்சா ஒண்ணு. ஒதுங்க எடமில்லாம மாட்டிக்கிட்டா உள்ள நொழஞ்சுக்க ஒரு வெள்ளிப் பை, மடிச்சா கைக்குள்ள அடங்கிரும். அப்பறம்..." கிளாடிஸ் நிறுத்தினாள். மற்றதையெல்லாம் அவள் கழகத்துக்குச் சொன்னாள். இதை மட்டும் நல்லசாமிக்கென்றே சொன்னாள். "அப்பறம் கெய்ட்டர்."

"அது என்னா?"

"சப்பாத்துக்குள்ள பனி போகாம காலச் சுத்திக் கட்டறது. கெட்டித் துணி. கணுக்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும்." அவள் குனிந்து தன் காலிலேயே அளந்து காட்டினாள். "இவ்வளவு எடம். முன்பக்கம் முழுக்க வெறும் துணிதான். ஆளுக்கு ரெண்டு காலு. வரிசயா நடந்து வர்றப்ப எத்தன காலு தெரியும்னு நீங்களே பாத்துக்குங்க."

நல்லசாமியின் கண்கள் அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய பெயர்ப் பலகையைக் கண்டன.

"மஞ்சள்ல போடலாமா?"

"பனியில மஞ்சள்தான் எடுப்பா தெரியும்ணே."

"செவப்பு எழுத்து?"

"பேஷா."

"ஏங்க்கா, இந்த முள்ளு?"

"அது தனியா இல்லண்ணே. நாங்க பாலிசி எடுத்தா குட குடுக்கறோம்ல, அது மாதிரி. கெய்ட்டர் குடுக்கறவரு முள்ளும் சேத்துக் குடுத்துருவாரு."

"எல்லாத்துக்கும் டுயிட் நான் போடறேன், எவ்வளவு காசு ஆனாலும் சரி. எழுதிக்க துளசி," என்றார் நல்லசாமி. உமிக்கிடங்கில் நின்றபடி, முன்மொழிவும் வழிமொழிவும் இல்லாமல், கழக வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு நல்ல முடிவு எடுக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் உமாபதி எழுந்து, நீண்ட ஆலோசனைக்கும் கள ஆய்வுக்கும் பிறகு, காலடிப் பாதுகாப்பே தலையாயது என்று தலைமை முடிவு செய்திருப்பதாக அறிவித்தார். கிளாடிஸ் பலமாகக் கைதட்டினாள். அவளுக்கு இருந்த ஒரே பொறுப்பு அதுதானே.

நேபாளத்தில் அவர்கள் கடைசி விடுதியை அடைந்த அன்று பனி கொட்டியது. மறுநாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. உமாபதி கறுப்புக் கண்ணாடியோடு தயாராக வந்து நின்றார். அன்றைக்கு உச்சியிலிருந்து முகநூலில் நேரலை என்று ஊரில் அறிவித்தாயிற்று. வழிகாட்டி பசாங் மேலே சரிவைப் பார்த்தார்; காற்றைப் பார்த்தார்; தலையை ஆட்டினார். இன்று வேண்டாம், புதுப்பனி இன்னும் படியவில்லை என்றார்.

"ஊரே காத்துக்கிட்டு இருக்குமே சிஸ்டர்," என்றார் உமாபதி, மெதுவாக. கேள்விபோலத்தான் அது வெளியே வந்தது.

கிளாடிஸுக்கும் உள்ளே அரித்தது. கணவாய் அதோ, கைநீட்டினால் எட்டும் போல. ஒரு வருடமாகக் காத்திருந்தவளுக்கு ஒருநாள் கூடுதலாகக் காத்திருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. "வேணாம்னா வேணாம்தான் தலைவரே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். விடுதிக்காரிக்கு அன்றைக்கே ஒரு காப்புறுதியும் விளக்கினாள்; பாஷை புரியாததால் மட்டுமே அந்தப் பெண் தப்பித்தாள்.

பிற்பகலில் எதிர்ச்சரிவில் இடி விழுந்தது போல ஒரு சத்தம். வெளியே ஓடி வந்து பார்த்தார்கள். வெள்ளை நிறத்தில் ஒரு மேகம் மலையிலிருந்து இறங்கி ஆள் இல்லாத பள்ளத்தில் போய் அடங்கியது. உமாபதி உள்ளே போய், கிளாடிஸ் விட்டுவந்த உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க உட்கார்ந்தார். அன்று முழுக்க நேரலையைப் பற்றி அவர் பேசவில்லை.

அடுத்த நாள் விடியும் முன்பே பசாங் கதவைத் தட்டினார். போகலாம் என்றார்.

போன வருடம் உட்கார்ந்த இடம் வந்தது. அதே கண்ணாடி, இப்போது மேலே மெல்லிய பனி தூவி இன்னும் மோசமாக. பசாங் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரும் பாறையில் உட்கார்ந்து முள்ளை மாட்டினார்கள். கிளாடிஸ் எழுந்து முதல் அடி வைத்தாள். கருக்கென்று பனி கடிபட்டது. இரண்டாவது அடி. அதுவும் கடித்தது. கால் வைத்த இடத்தில் கால் நின்றது. இவ்வளவுதானா, இதற்காகவா ஒரு வருடம் என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உமாபதி மட்டும் உட்கார்ந்திருந்தார். முள்ளை முன்பின்னாக மாட்டிவிட்டு, கையுறையோடு வளையத்தை இழுத்து இழுத்துத் தோற்றுப்போயிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்குத் தெரியாது.

கிளாடிஸ் இறங்கி வந்து பனியில் மண்டியிட்டாள். அவர் காலைத் தன் மடியில் வைத்து, முள்ளைக் கழற்றி, திருப்பி, சரியாக மாட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"எந்திரிங்க தலைவரே."

"வழுக்குமா சிஸ்டர்?"

"நின்னு பாருங்க."

அவர் நின்றார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். கருக். இன்னொரு அடி. கருக். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏதோ விரிந்தது. மேடையில் அவர் போடும் சிரிப்பு அல்ல அது. முதன்முதலில் சைக்கிளை யாரும் பிடிக்காமல் ஓட்டிய பையனின் சிரிப்பு. தோளை விட்டுவிட்டார். மஞ்சள் கால்களின் வரிசை மூச்சு வாங்கி, நின்று, மறுபடி மூச்சு வாங்கி, அந்தக் கண்ணாடியில் ஏறிப்போயிற்று. ஒருவரும் விழவில்லை.

மேலே கயிறுகளில் கட்டிய கொடிகள் காற்றில் படபடத்தன. துளசி சத்தம் போட்டு அழுதாள். பொருளாளர் ஆலோசகரைக் கட்டிப்பிடித்தார். உமாபதி நடுவே போய் நின்று தொண்டையைச் செருமி, நேரலையைத் திறந்தார். குளிரில் தொலைபேசி செத்துப்போய் இருந்தது. ஆனாலும் அவர் பேசினார். காற்று அவர் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வாங்கி அப்படியே நேபாளத்துக்குள் எறிந்தது.

கிளாடிஸ் கொடிகளைத் தாண்டி நடந்தாள். இன்னும் நாலு எட்டு. தரை கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஒரு வருடம் அவள் பார்க்காத அந்தப் பக்கம் அவள் காலடியில் கிடந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, அதில் நூல்போல ஒரு ஆறு, பனியே இல்லாத வெயில்.

"சிஸ்டர்! படம் எடுக்கல?" என்று பின்னாலிருந்து உமாபதி கத்தினார்.

"எறங்கி வாங்க தலைவரே! அந்தப் பக்கம் போனாத்தான் போனது!"

குதிகாலைக் குத்திக் குத்தி அவள் இறங்கினாள். முதலில் நடை, பிறகு ஓட்டம்போல நடை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் தனியாகச் சிரித்துக்கொண்டு மலையிலிருந்து ஓடி வருவதை எதிரே வந்த கழுதைகள் ஒதுங்கி நின்று பார்த்தன.

கீழே முதல் ஊரில், முதல் கடையில், வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே, எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கிளாடிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரலை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.

கடைக்காரர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமும் இல்லை, கண்ணில் நீரும் இல்லை. அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணீருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார்.

"நெறைய போடுங்க," என்று தமிழிலேயே சொன்னாள் கிளாடிஸ்.